மாட்டு வண்டியில் துணைக்கோள்

1957இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு, விஞ்ஞானத்தின் படங்கள் நம் பிரக்ஞைக்குள்ளும் வந்து சேர்ந்தன. அவற்றை நாம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. ராக்கெட்டையும் மாட்டு வண்டியையும் அடுத்தடுத்த வரிகளில் நிறுத்திவிட்டால் கவிதை ஆகிவிடும் என்கிற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. எழுபதுகளில் அந்த முரணுக்குப் பின்னால் ஒரு கோபம் இருந்தது. இன்று அது வெறும் அச்சு. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை மாதிரி, களிக்குழம்பை ஊற்றி, காய்ந்ததும் பிரித்தெடுத்தால் போதும்.

எதிர்ப்பக்கத்தில் அரசாங்கத்தின் அச்சு. மங்களூரில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக்கு எப்போதாவது பழைய 2 ரூபாய் நோட்டு ஒன்று வந்து சேரும். அதன் பின்பக்கத்தில், முன்பு புலி இருந்த இடத்தில், ஆர்யபட்டா. 1975 ஏப்ரல் 19இல் சோவியத் ராக்கெட்டில் சென்ற அந்தத் துணைக்கோளின் விஞ்ஞானச் சோதனைகள், மின்கோளாறால் சில நாட்களிலேயே நின்றுபோயின. நோட்டில் அந்தக் கோளாறும் இல்லை. அதைச் செய்த கைகளும் இல்லை. கும்பிடுவதற்கான படம் அது.

கும்பிடுதலுக்கும் கேலிக்கும் பிடிகொடுக்காத படிமம் ஒன்று நம்மிடம் இருக்கிறது: ஆப்பிள் என்ற செய்தித்தொடர்புத் துணைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றி வைத்திருக்கும் புகைப்படம். அதில் வறுமையைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு, கண்கலங்குகிறவர்களும் உண்டு. விஷயம் வேறு. ஆன்டெனாவைச் சோதிக்கும்போது சுற்றியுள்ள உலோகம் ரேடியோ அலைகளைக் குழப்பிவிடும். லாரி உதவாது, மர வண்டி வேண்டியிருந்தது. வண்டி அங்கே ஒரு சோதனைக் கருவி. 1981 ஜூன் 19இல் ஏரியன் ராக்கெட்டில் போன ஆப்பிளின் சூரியத் தகடுகளில் ஒன்று விரியவில்லை. அப்படியும் அது இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை செய்தது.

மங்களூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர், மழைக்காக வானத்தையும் பார்க்கிறார், கைபேசியையும் பார்க்கிறார். அவருக்கு இதில் முரண் எதுவும் தென்படுவதில்லை. நம் கவிஞனுக்குத்தான் அது தேவைப்படுகிறது, பார்க்கிற சிரமத்தைத் தவிர்ப்பதற்கு.

வறுமையை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை எழுத அந்த வண்டியை இரவல் வாங்க வேண்டாம். அந்த வண்டி ஏன் மரத்தாலானது என்று முதலில் கேட்கிற கவிதை இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.