சொட்டுக் குழாயும் சைக்கிள் ட்யூபும்

சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கினால், பிளம்பருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்பே நம் வீடுகளில் கைவைத்தியம் ஆரம்பித்துவிடும். பழைய சைக்கிள் ட்யூப், தேய்ந்த செருப்பு, பருத்தி நூல், ரப்பர் பேண்ட் என்று பரணிலும் இழுப்பறையிலும் கிடப்பவை வெளியே வரும். இதை ‘ஒப்பேற்றுவது’ என்று மட்டமாகப் பேசுவது வழக்கம். ஆனால் ஒப்பேற்றுவதிலும் தேர்ச்சி உண்டு, நயம் உண்டு, மட்டமான வேலையும் உண்டு. பார்வைக்கு எப்படி இருக்கிறது, எத்தனை நாள் தாங்குகிறது என்பவற்றை மட்டும் வைத்து அதை எடைபோட முடியாது. நாளை இன்னொருவர் வந்து கழற்றும்போது அவர் கையைக் கட்டிப்போடாத ஒட்டே நல்ல ஒட்டு. இந்தக் கலைக்கு நான் வைக்கும் அளவுகோல் அதுதான்.

இந்தக் கலைக்கு இடம் கொடுத்தது பழைய திருகுக் குழாயின் அமைப்பு. இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் பித்தளை வார்ப்புத் தொழில் செய்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் நிறுவனம் 1845இல் இதைக் காப்புரிமையோடு தயாரித்தது. தலையைத் திருகினால் உள்ளேயுள்ள தண்டு, அதாவது ஸ்பிண்டில், இறங்கும். அதன் அடியிலுள்ள வாஷர், நீர் வரும் துளையின் விளிம்பில் அழுந்தி வழியை அடைக்கும். சூட்சுமம் அவ்வளவுதான். அதனால் ஒழுகும் இடமே நோயைச் சொல்லிவிடுகிறது. மூடிய பிறகும் வாயிலிருந்து சொட்டினால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது விளிம்பில் உப்பு படிந்திருக்கும். திறந்திருக்கும்போது தலைக்கு அடியில் கசிந்தால், ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள அடைப்பான கிளாண்ட் தளர்ந்திருக்கிறது. சுவரோரம் ஈரம் கண்டால் மரையில் கோளாறு. இவற்றைப் பிரித்தறியாமல் தலையை மட்டும் மேலும் மேலும் இறுக்குகிறவர், மிச்சமிருக்கும் வாஷரையும் நசுக்கிவிடுகிறார். தேர்ந்த கைக்காரர் ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே பாதி வேலையைக் கண்ணால் முடித்திருப்பார்.

வாஷர் வைத்தியத்தில் உச்சம், எதையும் புதிதாகச் சேர்க்காமல் செய்வது. வால்வை மூடி, ஸ்பிண்டிலைக் கழற்றி, வாஷரைத் திருப்பிப் போட்டால் போதும். ஒரு பக்கம் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தாலும் மறுபக்கம் பெரும்பாலும் சமமாகவே இருக்கும். அதுவும் போய்விட்டால், பழைய வாஷரையே அளவாக வைத்துச் சைக்கிள் ட்யூபில் வட்டம் வெட்டி இரண்டு மூன்று அடுக்காகப் போடலாம். ரப்பர் செருப்பின் அடியில் வெட்டினால் ஒரு வட்டமே போதும். நடுத்துளைக்குச் சுடவைத்த ஆணி இருக்கிறது. இது தாங்குமா என்றால், கணக்கு தாங்கும் என்கிறது. பத்து மீட்டர் உயர நீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். தரைத்தள வீட்டின் மொட்டைமாடித் தொட்டி, குழாய்க்கு மேலே மூன்று நான்கு மீட்டரில்தான் இருக்கும். அழுத்தம் அரை பாரைக்கூட எட்டாது. சக்கரத்தில் அதைப்போலப் பல மடங்கு அழுத்தமுள்ள காற்றைக் கசியவிடாமல் வைத்திருந்த ரப்பர் அது. அதே துண்டு பத்து மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மூன்று பாரோடு மல்லுக்கட்ட நேரும். தன் வீட்டு நீரின் பலம் தெரிந்து பொருளைத் தேர்வதும் இந்தத் தேர்ச்சியில் அடங்கும்.

கிளாண்ட் கசிவுக்கு வாஸ்லின் தடவிய பருத்தி நூலையோ, கயிறாக முறுக்கிய டெஃப்லான் டேப்பையோ ஸ்பிண்டிலைச் சுற்றிக் கட்டி, மேலே நட்டை இறுக்குவார்கள். நட்டு அழுத்த அழுத்த நூல் பக்கவாட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மரையில் டேப் சுற்றுவதற்குத் திசை முக்கியம். முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகத் திருகச் சுருண்டு வெளியே வந்துவிடும். சுற்றியிருக்கும் விதத்தைப் பார்த்தே கையின் தேர்ச்சியைச் சொல்லிவிடலாம்.

ஒழுக்கை விட்டுவிட்டு ஓசையை மட்டும் தீர்க்கும் வைத்தியமும் உண்டு. குழாயின் வாயில் ஒரு நூலைக் கட்டிச் சிங்க் வரை தொங்கவிட்டால், சொட்டு நூல்வழியே சத்தமின்றி வழிந்துவிடும். அந்த ‘டொக்’ ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அனுராக் அகர்வாலும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் விளக்கினார்கள்: சொட்டு விழும்போது நீர்ப்பரப்பின் அடியில் சிறு காற்றுக்குமிழி சிக்குகிறது, அதன் அதிர்வே ஓசைக்குக் காரணம். கீழே தேங்கிய நீரில் பாத்திரம் கழுவும் சோப்புநீர் கலந்தால் ஓசை அடங்கும் என்றும் கண்டார்கள். நூலோ சோப்போ ஒழுக்கை நிறுத்தாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. 20 சொட்டை ஒரு மில்லியாகக் கொண்டாலே நான்கு லிட்டரைத் தாண்டும். ஆனால் இந்த வைத்தியம் யாரையும் ஏமாற்றுவதில்லை. இரவுத் தூக்கத்துக்கு மட்டும் உத்தரவாதம் தருகிறது. காலையில் ஒரே இழுப்பில் அவிழ்ந்தும் விடுகிறது.

அதற்கு நேர் எதிர், எம்-சீலைப் பிசைந்து குழாயின் தலை, நட்டு, மரை எல்லாவற்றையும் சேர்த்து மெழுகிவிடுவது. விரிசல் விட்ட பைப்பில் அந்த மக்கு அருமையான பொருள். கழற்ற வேண்டிய இணைப்பில் அப்பினால், உள்ளேயுள்ள இரண்டு ரூபாய்க் கோளாறைத் தொட முழுக் குழாயையும் உடைக்க வேண்டும். இத்தாலியக் கலைமீட்பு அறிஞர் செசாரே பிராண்டி 1963இல் வெளியான தம் நூலில், எந்தச் சீரமைப்பும் பின்னால் வரும் சீரமைப்புக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று வரையறுத்தார். கலைப்படைப்புகளுக்கு அவர் வகுத்த இந்த நெறி சமையலறைக்கும் பொருந்தும். ட்யூப் வாஷர் இதில் தேறும். எம்-சீல் உருண்டை தேறாது.

இல்லாமையைக் கலை என்று கொண்டாடுவதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 1990களில் சோவியத் உதவி நின்று கியூபா திண்டாடியபோது, அந்நாட்டு ராணுவப் பதிப்பகம் மக்களின் கைவைத்தியங்களைத் திரட்டி 1992இல் ஒரு நூலாகவே வெளியிட்டது. அப்படிப்பட்ட பொருள்களைப் பின்னர் சேகரித்த வடிவமைப்பாளர் எர்னெஸ்டோ ஒரோசா, அவற்றைத் ‘தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை’ என்றார். தட்டுப்பாட்டை யாரும் விரும்பி வரவழைப்பதில்லை. அதில் பிறந்த அறிவு மெச்சத்தக்கது என்பதும் அதனால் பொய்யாகிவிடாது. சில நூறு ரூபாய்க்குப் புதுக்குழாய் கிடைக்கிறதே என்பது அடுத்த கேள்வி. கிடைக்கிறதுதான்; வாஷர் தேய்ந்ததற்காகப் பித்தளையைத் தூக்கி எறிவது சிக்கனமும் அல்ல, அறிவும் அல்ல. மூன்றாவது ஆட்சேபத்துக்கு முழுதாகப் பணிய வேண்டும்: சைக்கிள் ட்யூபும் செருப்பும் குடிநீருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அக்காலத்தில் சணலோடு மரையில் பூசிய வெள்ளை ஈயம் நஞ்சேதான். குடிநீர்க் குழாயில் ட்யூப் துண்டு கடை திறக்கும்வரை இருக்கலாம், அதற்குமேல் கூடாது. கீசரிலும் அதன் பாதுகாப்பு வால்விலும் கைவைத்தியமே ஆகாது.

இன்று பரவிவரும், கால் சுற்றிலேயே திறந்து மூடும் குழாய்களில் வாஷருக்குப் பதில் பீங்கான் தட்டுகள் உள்ள கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. அவை எளிதில் தேய்வதில்லை. கெட்டால் ட்யூப் துண்டால் ஈடுகட்டவும் முடியாது. கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். ஆகவே புதுக்குழாய் வாங்கும்போது அதன் கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பழைய குழாய் வைத்திருப்பவர்கள் சரியான அளவில் நான்கு வாஷர் வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு எதை வைத்து அடைத்தாலும், கழற்றக்கூடியபடி அடையுங்கள்.