ஒரு மணித் தயிர்சாதம்

வேலை நாட்களில் எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் எவர்சில்வர் டிபன் டப்பாதான். காலையில் குழைய மசித்த சாதத்தில் வெதுவெதுப்பான பாலை நிறைய ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிரும் உப்பும் சேர்த்து மூடிவிட வேண்டும். பஸ் நெரிசலில் நசுங்கும்போதும் பால் உள்ளே உறைந்துகொண்டே இருக்கும். மதியம் ஒரு மணிக்குத் திறந்தால் புளிப்பே தட்டாத தயிர்சாதம். முழுக்கத் தயிர் விட்டுப் பிசைந்திருந்தால் சென்னை வெயிலுக்கு அதற்குள் புளித்திருக்கும். இந்த வழியைக் கண்டுபிடித்த கைகளுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்!

தொல்லையும் உண்டு. திங்கட்கிழமை அவசரத்தில் சாம்பார் சாதத்தைக் கொதிக்கக் கொதிக்க அடைத்தால், உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து காற்றழுத்தம் குறைந்து, மூடி இறுகிக்கொள்ளும். மேஜை மேஜையாக டப்பா கைமாறும். “கொண்டாங்க சார், நான் பார்க்கிறேன்” என்று வாங்கும் அக்கா, மூடிமேல் வெந்நீர் ஊற்றித் திறந்து தருவார். அதற்குக் கூலியாக ஒரு வாய் சாதம் போகும், சந்தோஷமாகவே போகும்.

மோர்மிளகாயை மட்டும் தனிப் பொட்டலமாகக் கொண்டுபோங்கள். சாதத்தின் மேல் வைத்தால் நமத்துவிடும்.