கணினி குற்றம் சாட்டலாம், விடுதலை செய்யக் கூடாது

நாம் விழுங்கும் மாத்திரையில் ஒரு பங்கு சாக்கடை வழியே ஆற்றுக்குப் போகிறது. அங்கே அது என்ன செய்யும் என்பதை மூலக்கூறின் வடிவத்தை வைத்தே கணிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ‘எகோசார்’ அவற்றில் ஒன்று. மருந்துக்கு அனுமதி தரும் ஆணையங்கள் இந்தக் கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அதன் பயனை முதலில் ஒப்புக்கொள்வோம். ஐரோப்பிய மருந்து முகமை சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்கு விரிவான நெறிமுறை வகுத்ததே 2006இல்தான். அதற்கு முன்பு சந்தைக்கு வந்த பல மருந்துகளுக்குப் போதிய தரவு இல்லை. எல்லாவற்றையும் மீன்களில் சோதிக்க ஆண்டுகள் பல ஆகும். எதை முதலில் சோதிப்பது என்று வரிசைப்படுத்த மென்பொருள் உதவும்.

குறை அடிப்படைக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு பொருள் கொழுப்பில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு நஞ்சு என்பது அந்தக் கணக்கு. கரைப்பான்களுக்கு அது பொருந்தும். மருந்தோ மிகச் சிறிய அளவிலேயே ஓர் ஏற்பியைப் பற்றிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. கனடாவின் ஒன்டாரியோவில் ‘ஏரி 260’ என்ற சோதனை ஏரியில், கருத்தடை மாத்திரையில் உள்ள எதினைல் எஸ்ட்ராடியாலை 2001 முதல் மூன்று கோடைகளில் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கருப் புரதம் ஊறியது. சிறு மீனினம் ஒன்று ஏறக்குறைய அற்றுப்போனது. மேற்சோதனை தேவையா என்று முடிவுசெய்ய ஐரோப்பிய நெறிமுறை வைத்த பொது வரம்போ 10 நானோகிராம். ஹார்மோன் வழி செயல்படும் மருந்துகளுக்கு அந்த வரம்பைப் பார்க்காமலே சோதனை வேண்டும் என்று அதே நெறிமுறை விதிவிலக்கு வைத்தது சரிதான்.

பாறு கழுகுகளின் கதையில் கேள்வியே தவறிப்போனது. பாசி, நீர்த்தெள்ளு, மீன் ஆகியவற்றைப் பற்றிய கணிப்பு, செத்த மாட்டைத் தின்னும் பறவையைப் பற்றி எதுவும் சொல்லாது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது.

மூலக்கூறு வடிவமே போதுமான சாட்சியாக இருந்த இடமும் இதே கதையில் உண்டு. அசெக்ளோஃபினாக் என்ற இன்னொரு வலிநிவாரணி மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபினாக்காக மாறிவிடும். டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2006இல் தடை விதித்தது. அசெக்ளோஃபினாக்குக்குத் தடை வந்தது 2023இல்.

ஆகவே என் முடிவு இது: கணிப்பு ‘ஆபத்து’ என்றால் உடனே நிறுத்திவைத்து, தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை நிறுவனத்திடம் விட வேண்டும். ‘ஆபத்தில்லை’ என்றால் அதை மட்டும் நம்பி அனுமதி தரக் கூடாது. தமிழ்நாட்டின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கு இன்னொரு பதினேழு ஆண்டு காத்திருப்பைத் தாங்கும் வலு இல்லை.