செந்தூலில் ஒரு ரக்பி மன்றம் நிலைக்குமா?

மலேசியாவில் ரக்பி என்றால் உறைவிடப் பள்ளி, போலீஸ், இராணுவம் என்றுதான் பலருக்கும் நினைப்பு. எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பல் 1921-இல் இங்கு வந்துபோனபோது அன்பளித்த கிண்ணத்துக்காக 1922 முதல் மாநில அணிகள் மோதிக்கொண்ட ஆட்டம் அது. செந்தூல் பையனிடம் பந்து என்று சொன்னால் அவன் காலைத்தான் தூக்குவான். இருந்தும் கிள்ளான் பள்ளத்தாக்கில் சம்பளம் வாங்காதவர்கள் கட்டி எழுப்பிய ரக்பி மன்றங்கள் உண்டு. அந்த வழி செந்தூலுக்கும் பொருந்துமா என்பதே கேள்வி.

இதில் முன்னோடி பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா. பல பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் 1967-இல் கூடித் தொடங்கிய மன்றம். பத்துப் பேர் ஆடும் ‘டென்ஸ்’ ரக்பி உலகத்துக்குக் கிடைத்தது இவர்களிடமிருந்துதான். பாதிக்குப் பத்து நிமிடம். நம் வெயிலிலும் ஒரே நாளில் பல ஆட்டங்களை நடத்தி முடிக்கலாம். சிறிய மன்றத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. பதினைந்து பேர் ஆட்டத்தில், இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்கிரம்மின் முன்வரிசைக்குப் பழகிய மூவர் வேண்டும். அவர்களுக்கு மாற்றாட்களும் வேண்டும். தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று இருவர் வராமல் போனால், ஸ்கிரம்மைத் தள்ளாமல் பேருக்கு நடத்திவிட்டுப் போக வேண்டியதுதான். டென்ஸில் ஆள் குறைவு, சமாளிப்பும் எளிது.

ஆனால் கோப்ராவைப் பார்த்து, “தன்னார்வலர்கள் இருந்தால் போதும், மன்றம் ஓடும்” என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பெயர்பெற்ற பள்ளிகளில் படித்து நல்ல உத்தியோகத்துக்குப் போனவர்கள் கூடும் இடத்தில், ஆதரவாளரைப் பிடிக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். சந்தா கட்டத் தவறியவனுக்காக இன்னொருவர் சத்தமில்லாமல் கட்டிவிடுவார். செந்தூலின் கதை வேறு. இரயில்வே பட்டறையை நம்பி வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். பட்டறையின் ஒரு பகுதி 2005-இல் நாடக அரங்கமானது. அதை ஒட்டிய பழைய கோல்ஃப் திடல் குடியிருப்பாளர்களுக்கான தனியார் பூங்காவானது. ஊரின் மிகப் பெரிய புல்வெளி ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலிக்கு அந்தப் பக்கம்.

தன்னார்வலர் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? சனிக்கிழமை மாலை அவருடைய காரின் பின்பெட்டியைத் திறந்து பாருங்கள். காற்றுப்போன இரண்டு பந்து, பம்ப், கூம்புகள், சேறு காயாத டேக்கல் பேட், ஐஸ் தண்ணீர்த் தொட்டி, வீட்டில் துவைக்கக் கொண்டுபோகும் ஜெர்சி மூட்டை. மூன்று மணிக்கு இடி இடித்தால் பயிற்சி ரத்து என்று எல்லாப் பெற்றோருக்கும் செய்தி அனுப்புவதும் அவர்தான். கடைசிப் பையனின் அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்வரை இருட்டில் காத்து நிற்பதும் அவர்தான். இதற்குப் பணம் கொடுத்தால் எந்த மன்றமும் கட்டுப்படியாகாது. இந்த முறையின் பெரிய பலம் அதுதான்: மாதம் இருபது வெள்ளிக்கு ஒரு பிள்ளை ஆட முடிகிறது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் உழைப்பை யாரும் கணக்கெழுதுவதில்லை. அந்த மனிதர் சலித்துப்போன பிறகுதான் எவ்வளவு செய்தார் என்று தெரிகிறது. கோயில் நிர்வாகத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் நாம் பார்த்துப் பழகிய காட்சிதான். தலைவர், செயலாளர், பயிற்றுநர், ஓட்டுநர் எல்லாம் ஒருவரே. அவருக்கு வேலை மாற்றலானால் மன்றமும் மாற்றலாகிவிடும்.

ரக்பியில் இது வெறும் நிர்வாகச் சிக்கலோடு நிற்பதில்லை. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை வெளியேற்ற வேண்டும், அன்று மறுபடி இறக்கக் கூடாது என்பது உலக ரக்பி அமைப்பின் நெறி. முதலுதவிப் பெட்டியை வைத்திருப்பவரும் வெற்றிக்காகக் கத்துபவரும் ஒரே ஆளாக இருந்தால், “ஒன்றுமில்லடா, எழுந்திரு” என்றுதான் வாயில் வரும். கெட்ட எண்ணத்தால் அல்ல. வேறு ஆள் இல்லாததால். எந்த மன்றமும் ஏற்றுக்கொள்ளக் கூடாத குறை இது.

அப்படியானால் ஒரு பெரிய கையைப் பிடித்துக்கொள்ளலாமே என்பார்கள். கால்பந்தில் அதையும் பார்த்துவிட்டோம். மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கத்திலிருந்து வளர்ந்த அணி கியூஐ குழுமத்தின் ஆதரவில் 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டியாகி சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு லீக்கை விட்டு விலகியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் போட்டவருக்கு நிறுத்தும் உரிமையும் உண்டு. ஒரே ஆளின் உழைப்பை நம்புவதும் ஒரே ஆளின் பணத்தை நம்புவதும் ஒன்றுதான்.

எனக்குச் சரியாகப் படும் உதாரணம் கொல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் ரக்பி மன்றம். 2004-இல் ஓர் ஆங்கிலேயர் அந்நகரின் மைதானத்தில் அதைத் தொடங்கினார். மன்றம் சேரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் பலர் வளர்ந்து பயிற்றுநர்களானார்கள். செந்தூலுக்கு வேண்டியது இந்தப் பழக்கம்தான். பதினாறு வயதுப் பையனுக்குப் பத்து வயதுப் பிள்ளைகளைத் தாக்குதல் இல்லாத டேக் ரக்பியில் பழக்கும் பொறுப்பைக் கொடுங்கள். பொருளாளர் பதவிக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஒருவரையே உட்கார வைக்காதீர்கள். முதலுதவிக்கு வருபவர் பயிற்றுநராக இருக்கக் கூடாது. தாதியாக வேலை செய்யும் ஓர் அம்மா போதும்.

பதிவையும் தள்ளிப்போட வேண்டாம். 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதியாத மன்றம் வங்கிக் கணக்கு, திடல் விண்ணப்பம் என்று போகும் இடமெல்லாம் தடுமாறும். விளையாட்டுச் செலவுக்கான ஆயிரம் ரிங்கிட் வருமான வரி விலக்கில், பதிவு பெற்ற மன்றம் வசூலிக்கும் பயிற்சிக் கட்டணமும் 2024 வரி ஆண்டிலிருந்து அடங்கும். வரி கட்டும் பெற்றோரிடம் சந்தா கேட்க இது ஒரு நல்ல காரணம்.

இவ்வளவும் செய்தாலும் திடல் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. மாநகர் மன்றத் திடல்களில் கால்பந்துக்கே இடம் போதவில்லை. ரக்பி பூட்ஸைக் கண்டாலே புல் கிழியும் என்று காவலர் முகம் சுளிப்பார். ஆகவே செந்தூல் வட்டாரத் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு மாலை மட்டும் பள்ளித் திடலின் கதவைத் திறந்துவிடுங்கள். டென்ஸுக்கு இருபது பிள்ளைகள் வந்தாலே இரண்டு அணி.