பல்லவமல்லன் அரசேறிய கதை: வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பங்கள்

காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவர்களில் இரு வரிசையாக ஓடும் புடைப்புச் சிற்பங்கள் பிரமனில் தொடங்கிப் பல்லவர் வரலாற்றைச் சொல்லிச் செல்கின்றன. எட்டாம் நூற்றாண்டில் அக்கோயிலை எடுப்பித்த இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லனே அக்கதையின் தலைவனுமாவான் என்பதால், அவற்றின் சான்றைச் சற்றே எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும்.

இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின், மூலப்பிரகிருதியார் எனப்பட்ட நாட்டு முதன்மையோரும், கடிகை என்னும் உயர்கல்வி நிலையத்தாரும் பிறரும் கிளைவழியினனான இரணியவர்மனை நாடிச் சென்றனர் என்றும், மூத்த மைந்தர் மூவரும் மறுத்த பதவியைப் பன்னிரண்டு வயதான இளையவன் பல்லவமல்லன் ஏற்று, மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சி வந்து முடிசூடினான் என்றும் சிற்பங்களை ஒட்டிய கல்வெட்டு விளக்குகிறது. சி. மீனாட்சியின் ஆய்வு, தொல்லியல் துறை வெளியீடாக 1941இல் வந்து, இச்சிற்பங்களை அக்கல்வெட்டின் துணையோடு படிக்க வழிகாட்டியது.

இச்சித்திரிப்பின் அரிய சிறப்பு, அரியணை தனக்குப் பிறரால் தரப்பட்டது என்பதை மன்னனே மறைக்காமல் பொறித்திருப்பதாகும். மன்னனது புகழை முறைப்படி பாடும் பிற்காலச் சோழர் மெய்க்கீர்த்திகளில் வெற்றியெல்லாம் அவனுடையதாகவே நிற்க, இங்கோ நாட்டாரும் கற்றோரும் கதைமாந்தராகவே நடமாடுகின்றனர்.

ஆனால் அவர்கள் எல்லாரும் ஒருமனப்பட்டவர்களாகவே காட்டப்படுவதுதான் ஐயத்தைக் கிளப்புகிறது. அம்மன்னனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உதயேந்திரச் செப்பேடு, தமிழ் அரசர்கள் அவனை நந்திபுரத்தில் முற்றுகையிட்டதையும், படைத்தலைவன் உதயசந்திரன் சித்திரமாயன் என்னும் பல்லவனைக் கொன்று மன்னனை மீட்டதையும் கூறுகிறது. இன்று கிடைப்பது பிற்காலப் படியாகக் கருதப்பட்டாலும், அரசுரிமைக்குப் போட்டி இருந்தது என்ற அதன் செய்தியை எளிதில் தள்ளிவிட முடியாது. மேலும், நந்திவர்மனைப் பரமேசுவரவர்மனின் மகனென்று அச்செப்பேடு குறிக்க, அடுத்த ஆண்டின் காசக்குடிச் செப்பேடோ, சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் மரபில் வந்து குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்கிறது. அரசுரிமை ஐயமற்றதாக இருந்திருந்தால் இத்தனை விளக்கங்கள் தேவைப்பட்டிருக்குமா என்று கேட்பதில் தவறில்லை.

குணச்சித்திரம் என்ற அளவில் கல்வெட்டு தருவது மிகக் குறைவு. மூவர் மறுத்ததற்குச் சிறுவன் இசைந்தான் என்ற ஒரே செயலே அவனது துணிவுக்கு முழுச் சான்றாகிறது. ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் ஆண்டவனின் முதிர்ந்த முகத்தை, அவனது தோல்வி உட்பட, வேறிடத்தில்தான் தேட வேண்டும்: சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றியும் கோயிற் செல்வத்தைத் திருப்பி அளித்த செய்தி, அதே ஊரின் கைலாசநாதர் கோயிலில் கன்னடக் கல்வெட்டாக இருக்கிறது.