மாடு பார்க்கும் கண்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்குக் கிளம்பிய நாங்கள் மதகடிப்பட்டில் இறங்க வேண்டியதாயிற்று. வண்டியில் பழுது, சரியாக இரண்டு மணி நேரமாகும் என்றார் மெக்கானிக். கடலுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் சொச்சம். பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. கிழமை செவ்வாய், அந்த ஊரில் மாட்டுச் சந்தை கூடும் நாள். கடலைப் பார்க்க வந்தவன் மாடு பார்க்கும் கலையைப் பார்த்தேன்.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. சந்தையில் முதல் வேலையே அதுதான். தலையில் முண்டாசு கட்டிய பெரியவர் ஒருவர் கிடேரியின் தாடையை இடக்கையால் தூக்கி, வலக்கைக் கட்டைவிரலால் கீழுதட்டை மடக்கினார். ஒரு நொடிதான். "நாலு பல்லு" என்றார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. ஏறத்தாழ இரண்டு வயதில் பால்பல் ஒரு ஜோடி விழுந்து நிலைப்பல் வரும். பிறகு நாலு, ஆறு என்று ஏறும். எட்டும் முளைத்துவிட்டால் 'கடை சேர்ந்தது' என்பார்கள். அதன் பிறகு பல்லின் தேய்மானம்தான் கணக்கு. பிறந்த தேதி எழுதிவைக்காத உயிருக்கு வயது சொல்லும் ஏடு அந்த வாய்.

அடுத்து மடி. பெருத்த மடியைக் கண்டு மயங்குவது புதியவர்களின் வழக்கம். இரண்டு வேளை கறக்காமல் விட்டால் எந்த மடியும் பெருத்துத்தான் தெரியும். விவரம் தெரிந்தவர் நான்கு காம்பிலும் இரண்டிரண்டு முறை பீய்ச்சிப் பார்க்கிறார். பால் திரிந்திருக்கிறதா, காம்பு எதுவும் அடைத்திருக்கிறதா என்று கவனிக்கிறார். வயிற்றடியில் ஓடும் பால் நரம்பை விரலால் தடவுகிறார். கறந்து முடித்ததும் துணிப்பைபோலச் சுருங்கும் மடிதான் நல்ல மடி என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். சுருங்காத மடியில் பாலைவிடச் சதைதான் அதிகமாம்.

உழவு மாட்டை நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். முன்னங்கால் பதிந்த தடத்தில் பின்னங்கால் வந்து விழுந்தால் திருப்தி. சுழியும் பார்க்கிறார்கள்: கோபுரச் சுழி என்றால் முகம் மலர்கிறது, பாடைச் சுழி என்றால் விலை சரிகிறது. சுழியில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் சுழியைத் தேடும் சாக்கில் மாட்டின் உடம்பை ஒரு சாண்கூட விடாமல் பார்த்துவிடுகிறார்கள். அந்தக் கவனத்தை நான் வணங்குகிறேன்.

விலை பேசும்போது சத்தமே இல்லை. தரகர் துண்டை விரித்துக் கையை மூட, அதற்குள் வாங்குபவரின் கை நுழைகிறது. பிடித்த விரல்களின் எண்ணிக்கைதான் தொகை. ஆயிரமா நூறா என்பது இருவருக்கும் தெரியும். கண்கள் வேறெங்கோ பார்க்கின்றன, துண்டுக்குள் பேரம் நடக்கிறது. சுற்றி நிற்பவர் காதில் விழாததால், இந்த விலை படியாவிட்டாலும் அடுத்தவரிடம் மாட்டின் மதிப்பு குறைவதில்லை.

படிந்ததும் விற்றவர் பழைய தலைக்கயிற்றைக் கழற்றிக்கொள்கிறார், வாங்கியவர் புதுக்கயிறு பூட்டுகிறார். மாடு போனாலும் வீட்டு லட்சுமி போகக் கூடாது என்பது நம்பிக்கை. பழைய கயிற்றை மடித்து இடுப்பில் செருகிய ஒருவர், மாடு சாலை திரும்பும்வரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்று கைப்பேசியில் படம் பார்த்தே மாடு வாங்குகிறார்கள். படத்தில் நிறம் தெரியும், கொம்பு தெரியும். பல்லும் பால் நரம்பும் நடையும் தெரியாது. இதே ஊரில் இராஜராஜ சோழன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மாடு பார்க்கும் கலைக்கோ, அப்பன் விரலைப் பிடித்துச் சந்தைக்கு வரும் பிள்ளையைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை அந்தச் சாலையில் போகிறவர்கள் விடியற்காலையில் மதகடிப்பட்டில் இறங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கடல் சாயங்காலமும் அங்கேதான் இருக்கும். சந்தை வெயில் ஏறினால் கலைந்துவிடும்.