டெர்மினலுக்குள்ளேயே ஒரு கையேடு

பதுளை பசறை வீதியில் இருக்கிறது ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம்; தொடங்கியது 2005இல். சுற்றிலும் தேயிலை மலைகள். கணினி படிக்கும் தோட்டத்துப் பிள்ளை விடுமுறைக்கு லயத்துக்குத் திரும்பினால், மலை மறைக்கிற இடத்தில் சிக்னல் நிற்காது. நின்றாலும் டேட்டா தீர்ந்துபோகும். லினக்ஸின் ‘மேன்’ பக்கங்களின் அருமை அங்கேதான் தெரியும். டெர்மினலில் ‘மேன்’ என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் போதும். விளக்கம் கணினிக்குள்ளேயே இருக்கிறது.

இந்தப் பக்கங்களுக்கு முன்னோடி யுனிக்ஸ் கையேடு; அதன் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டது. எழுதியவர்கள், பெல் ஆய்வுக்கூடத்தில் யுனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டெனிஸ் ரிட்சியும். பெயர், எழுதும் முறை, விளக்கம், குறைகள் என்று தலைப்புப் பிரித்து எழுதும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. தமிழ் மொழிமூலம் படித்து வந்தவருக்கு இது பெரிய உதவி: நாலைந்து பக்கம் பழகிவிட்டால், ஆங்கிலம் தடுமாறினாலும் எது எங்கே இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

‘எழுதும் முறை’ப் பகுதி, கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி போல: வேண்டாத கிளை ஒன்றும் இராது. கோப்பை நகலெடுக்கும் ‘சிபி’யைப் பாருங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிடலாம். மூன்று புள்ளி வந்தால் அதைத் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம். ‘சிபி’ பக்கத்தின் ஒரு வரியில் மூலக்கோப்பை அடுத்து மூன்று புள்ளி, கடைசியில் ஒரு டைரக்டரி. எத்தனை கோப்பானாலும் ஒரே தடவையில் ஒரே இடத்துக்கு அனுப்பலாம் என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது.

ஆனால் எல்லாக் கட்டளைக்கும் பக்கம் இராது. டைரக்டரி மாற்றும் ‘சிடி’க்காக ‘மேன் சிடி’ என்று தட்டினால், பல கணினிகளில் பக்கம் இல்லை என்றே பதில் வரும். அதற்குக் காரணம் உண்டு. ‘சிடி’ தனி நிரலாக இருந்தால், தான் நிற்கும் டைரக்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு முடிந்துபோகும். அதை அழைத்த ஷெல், அதாவது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல், பழைய இடத்திலேயே நிற்கும். அதனால் அது ஷெல்லுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. பாஷ் ஷெல்லில் ‘ஹெல்ப் சிடி’ என்று கேட்டால் விளக்கம் வரும். எது உள்ளே இருப்பது, எது தனி நிரல் என்பதை ‘டைப்’ கட்டளை சொல்லும்.

குறைகளை மறைக்காத நேர்மையும் இந்தக் கையேட்டுக்கு உண்டு. பாஷின் பக்கத்தில் ‘குறைகள்’ என்ற தலைப்பின் கீழ் முதலில் வருவதே, பாஷ் அளவுமீறிப் பெரியது, வேகமும் குறைவு என்ற ஒப்புதல்தான். பக்கமும் அதற்கேற்ற நீளம். ஆனாலும் சாய்கோட்டைத் தட்டி ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் இடத்தில் போய் நிற்கும். ‘என்’ அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும், ‘க்யூ’ வெளியே விடும்.